கரியாஹாட்டிலிருந்து ஒரு ஈ

யாரோ ஒருவருடைய கறுப்புக் குடை, மழைக்குப் பயந்து சரக்கென்று கடைக்குள் நுழைந்தது. வாழைத்தார்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டிருந்த கண்ணாடிப் புட்டி ஆடியது. வசுமதி பதறிப்போய்க் கையை நீட்டினாள்... அவள் விரல் நுனியைத் தொட்டுவிட்டு அது கீழே விழுந்து நொறுங்கியது.

 ஆராய்ச்சிக்காக ஒரு வாரமாக அவள் கண்ணுக்குள் வைத்து வளர்த்த பழ ஈக்கள் அதற்குள் இருந்தன. அன்று காலையில்தான் அவற்றின் மேல் இளஞ்சிவப்புப் பொடியைத் தூவிக் கொண்டுவந்திருந்தாள். மழை விட்டதும் பக்குவமாகத் திறந்துவிடலாம் என்று அவள் காத்திருக்க, அவையெல்லாம் இப்போது குபுகுபுவென்று வாழைத்தாருக்குள் புகுந்துகொண்டிருந்தன.

கண்ணை எங்கே வைத்துக்கொண்டு வருகிறீர்கள் என்று வங்காள மொழியில் பொரிந்து தள்ளினாள். குடைக்காரன் திகைத்து நின்றான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, கையில் அலுவலகப் பை... சட்டையின் மார்பிலிருந்து இடுப்பு வரை இளஞ்சிவப்புப் பொடி! ஹோலிக்கு நாள் தெரியாமல் வந்துவிட்டவன் மாதிரி இருந்தான். அவள் பேசியதில் ஒரு வார்த்தைகூட அவனுக்கு விளங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டான். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, தனக்குத்தானே தமிழில் முணுமுணுத்தான்.

"ஈ தப்பிச்சதுக்கே இந்தக் கோபம்... புலி தப்பிச்சிருந்தா என்ன ஆகும்?"

"புலிக்கு யாராவது உதவித்தொகை குடுத்தா அதையும்தான் வளர்ப்பேன்" என்றாள் வசுமதி, அதே தமிழில்.

அவன் கண்கள் விரிந்தன. அகலமான கண்கள்... அதிர்ச்சியில் இன்னும் அகலமாகி, மழைத்துளி சொட்டும் இமைகளோடு அவளையே பார்த்தன. அத்தனை கோபத்திலும் அந்தக் கண்களைக் கவனித்துவிட்டோமே என்று வசுமதிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. பழக்கடைக்கார நிமாய்தா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தார்பாலின் தண்ணீரைக் கழியால் தள்ளியபடி சிரித்துக்கொண்டிருந்தார். கல்கத்தாவின் அந்தக் கரியாஹாட் மார்க்கெட்டில் அவளுக்கு அவர் வைத்திருந்த பெயர் மாச்சிதி... ஈ அக்கா. இரண்டு வருஷமாக அவர் கடையில் புட்டி கட்டித் தொங்கவிடுகிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்?

"பொடி தோய்ச்சா போயிடும்" என்றாள், கொஞ்சம் இறங்கி வந்து. "ஆனா நீல விளக்கு எதுக்கும் பக்கத்துல போகாதீங்க... மின்னுவீங்க."

அவன் பெயரைக்கூட அவள் கேட்கவில்லை. மழை விட்டதும் கூட்டத்தில் கலந்து போய்விட்டான். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

எங்கே முடிந்தது? இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் லேக் கார்டன்ஸில் தன் வீட்டு மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவள் பாதிப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். கீழ்வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தது அதே கறுப்புக் குடை. ஒரு கையில் சணல் பை நிறைய வாழைப்பழம். நிமிர்ந்து பார்த்த அவனுக்கும் தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும்... பை கையிலிருந்து நழுவப் பார்த்தது.

அவன் பெயர் சிவராம். தூத்துக்குடிக்காரன். வங்கி அதிகாரியாகக் கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கீழ்வீட்டுப் பட்டாபிராமன் மாமா துறைமுகத்தில் பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்தில் சிவராமின் அப்பாவோடு வேலை பார்த்தவராம். மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டதும், ஊரிலிருந்து அவன் அம்மா போனில் உத்தரவு போட்டிருக்கிறாள். போய்ப் பார்த்துட்டு வா... பெரியவங்க வீட்டுக்கு வெறுங்கையோட போகாதே.

"நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்" என்றான் சிவராம், படிக்குக் கீழே நின்றபடி. "மறுநாள் பாங்க்ல கள்ள நோட்டுப் பார்க்கிற விளக்கைப் போட்டேன். நோட்டு மின்னலை... நான் மின்னினேன். காஷியர் பயந்துபோய் நாற்காலியைப் பின்னால தள்ளிட்டார்."

வசுமதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஈ ஓட்டுகிறாள் என்று வீட்டில் அம்மா முதல் விருந்தாளி வரை கேலி செய்யும் பெண்ணுக்கு, தன் பொடி ஒரு வங்கியையே கலக்கியது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு அவன் அடிக்கடி வந்தான். மாமாவோடு சதுரங்கம் ஆட வருகிறான் என்று மீனாக்ஷி மாமி சொன்னாள். ஒவ்வொரு தடவையும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் தவறாது. ஆட்டம் முடிந்து அவன் கிளம்பும் நேரத்துக்கு வசுமதிக்கும் ஏனோ கீழே ஏதாவது வேலை வந்துவிடும். படிக்கட்டில் நின்று பேசுவார்கள். என்ன பேச்சு என்று கேட்டால் சிரிப்பீர்கள்... ஈப் பேச்சுதான்.

லிச்சி முடிந்தால் மாம்பழம், மாம்பழம் முடிந்தால் பலா, அப்புறம் கொய்யா, ஆவணியில் பனம்பழம். எந்தக் கூடையில் எந்த ஈ குடியிருக்கிறது, ஒரு பழத்தின் காலம் முடிந்தால் அந்த ஈக்கள் எங்கே போகின்றன... இதுதான் அவள் ஆராய்ச்சி. கொளுத்தும் மத்தியானத்தில் அவை ஈரச் சாக்குக்கு அடியில் பதுங்கிக் கிடக்குமாம். காலையிலும் அந்தி சாய்கிற நேரத்திலும்தான் வெளியே வருமாம். அவை பழத்தைத் தின்ன வருவதில்லை, பழத்தில் புளிக்கிற ஈஸ்டைத் தின்னத்தான் வருகின்றன என்று அவள் சொன்னபோது, சிவராம் உலக அதிசயத்தைக் கேட்டவன் மாதிரி வாயைப் பிளந்தான். இப்படி யாரும் அவள் பேச்சைக் கேட்டதில்லை. அந்தக் கண்கள் விரிவதைப் பார்ப்பதற்காகவே அவள் இன்னும் நிறையச் சொன்னாள்.

வாரத்துக்கு ஒரு தடவை நிமாய்தா கடையில் பொடி பூசிய ஈக்களைத் திறந்துவிடுவாள். மார்க்கெட்டைச் சுற்றித் தொங்கும் புட்டிகளில், கனிந்த பழத்தின் வாசனைக்கு எத்தனை வந்து விழுகின்றன என்று பார்ப்பாள். அடுத்த கடை, அதற்கடுத்த கடை... அதைத் தாண்டி ஒன்றுகூடப் போனதில்லை. அதனால்தான் லேக் கார்டன்ஸ் வீட்டு மொட்டை மாடியில் ஒரு புட்டி வைத்திருந்தாள். மார்க்கெட் ஈ வரவே முடியாத இடம் என்று காட்டுவதற்காக.

ஆடி மாதத்தில் ஒரு நாள், அந்த மொட்டை மாடிப் புட்டியை ஆய்வுக்கூடத்தில் நீல விளக்குக்கு அடியில் பிடித்தவள், கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டுவிட்டாள்.

இருட்டில் இளஞ்சிவப்பாக ஒரு புள்ளி மின்னியது.

நம்ப முடியாமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். கரியாஹாட் எங்கே, லேக் கார்டன்ஸ் எங்கே? இரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது. நடுவில் பாலம், ரயில் பாதை, டிராம், பஸ் புகை, கொட்டும் மழை... எள்ளளவு உடம்பை வைத்துக்கொண்டு இத்தனையையும் தாண்டி ஒரு ஈ அவள் வீட்டைத் தேடி வந்திருக்கிறது! அடுத்த வாரமும் வந்தது. அதற்கடுத்த வாரம் ஏழெட்டு வந்தன.

அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டியான லாஹிரி மேடம் அவ்வளவு லேசில் எதற்கும் அசைகிறவர் அல்ல. அவரே நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வெளியூர் விஞ்ஞானிகள் வரும் கருத்தரங்கில் வசுமதியே மேடையேறி இதைச் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. இரண்டு வருஷம் அழுகல் வாசனையில் நின்றதற்கு இந்த ஒரு புள்ளி பலன் கொடுத்துவிட்டது. வேலையும் பெயரும் இனி தானே தேடி வரும்.

இந்தச் சந்தோஷத்தை அவள் முதலில் சொன்னது அம்மாவிடம் இல்லை... சிவராமிடம். படிக்கட்டில் நின்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். அவன் கண்கள் விரியும் என்று காத்திருந்தாள். விரியவில்லை. முகத்தில் ஈயாடவில்லை என்பார்களே, அப்படி நின்றான். ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமலே குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்று ராத்திரி வசுமதிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கருத்தரங்குக்கு முதல் நாள் அவன் நேராக நிமாய்தா கடைக்கே வந்தான். அப்போதும் மழை. தார்பாலினுக்கு அடியில் வந்து நின்றவன் முகம் வெளுத்திருந்தது.

"அந்த ஈ பறந்து வரலைங்க" என்றான். "நான்தான் கொண்டுவந்தேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவன் தலை குனிந்தபடியே சொல்லிக்கொண்டு போனான். மாமா வீட்டுக்குக் கொண்டுவரும் பழம் முழுக்க இந்தக் கடையில்தான் வாங்கினான். வேறு கடை அவனுக்குத் தெரியாது. நிமாய்தாவும் எப்போதும் நன்றாகக் கனிந்த சீப்பாகப் பார்த்துக் கொடுப்பார். அவள் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து அவனுக்கு மனசு சரியில்லை. இன்று காலையில் வேண்டுமென்றே ஒரு சீப்பு வாங்கி, அதே பையில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனான். அந்த விளக்கைப் போட்டுக் கையை நீட்டினான்... விரல் பத்தும் மின்னின. பைக்குள்ளே பார்த்தால், பழத்துக்கு நடுவே சின்னச் சின்னதாக மின்னிக்கொண்டு ஈக்கள் ஊர்ந்தன.

வசுமதிக்கு மார்க்கெட்டின் இரைச்சல் எங்கோ தூரத்தில் கேட்டது. நாளைக்கு மேடை... இன்றைக்கு வந்து இதைச் சொல்கிறான்.

"வாரத்துக்கு மூணு தடவை, நாலு தடவை யாராவது ஒரு வீட்டுக்குப் பழம் வாங்கிட்டு வருவாங்களா?" என்று வெடித்தாள். "எதுக்காக அத்தனை தடவை வந்தீங்க?"

அவன் உதடு துடித்தது. சதுரங்கம் ஆட என்று ஏதோ சொன்னான், அவனுக்கே கேட்காத குரலில்.

வசுமதிக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. ஒரு பெண் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள் என்றால் அதைப் பொய் என்று சொல்ல ஓடி வருகிறீர்கள், இனி என் கண்ணிலேயே படாதீர்கள் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான், எத்தனை பெரிய வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது. அதற்குள் கறுப்புக் குடை மழையில் இறங்கிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்தவள் மாடி ஏறவில்லை. மீனாக்ஷி மாமி வீட்டுக்குள் நுழைந்து, சிவராம் கொண்டுவந்த பழமெல்லாம் எங்கே என்று கேட்டாள். மாமியின் முகம் மாறியது. வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அவளைப் பின்பக்க வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே துவைக்கும் கல்லுக்குப் பின்னால் மூங்கில் கூடை ஒன்று தட்டுப் போட்டு மூடியிருந்தது. வசுமதி தட்டை எடுத்தாள்.

குப்பென்று ஈக்கள் அவள் முகத்தில் மோதிப் பறந்தன.

உள்ளே சீப்புச் சீப்பாக, கறுத்து, கசிந்து, புளித்து... நிமாய்தா கடையே அங்கே குடியேறி இருந்தது. வசுமதி அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நேராகத் தலைக்கு மேலே மொட்டை மாடி. புட்டி இருப்பது அங்கேதான்.

"மாமாவுக்குத்தான் சர்க்கரை ஆச்சேடி" என்றாள் மாமி, குற்றம் செய்தவள் குரலில். "அந்தப் பிள்ளை ஆசையா வாங்கிண்டு வரான். வேண்டாம்னா முகம் வாடிப்போயிடும். வந்தவா குடுத்த பழத்தைக் குப்பைல கொட்டவும் மனசு வரலை... இப்படி மூடி வெச்சுட்டேன்."

அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக் கூடையை மூடியபடியே மாமி மேலும் ஒன்று சொன்னாள்.

"அவன் சதுரங்கம் ஆடவா வரான்னு நினைச்சே? ராணியைத் தூக்கி மாமா கையில குடுப்பான். கண்ணு மட்டும் மாடிப்படியில இருக்கும்."

ஈக்கூட்டம் மோதியபோதுகூட வசுமதி இப்படி அதிர்ந்து போகவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். எதுக்காக வந்தீங்க என்று கேட்டபோது துடித்த அந்த உதடு... அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது. அதைச் சொன்னால் ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டுக் காதலைச் சாக்காகச் சொல்வது போல ஆகிவிடும் என்று விழுங்கிவிட்டான். பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவள் மேடையில் ஒரு பொய்யைச் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் திட்டு வாங்க வந்து நின்றிருக்கிறான்.

மறுநாள் அவள் மேடையேறினாள். லாஹிரி மேடம் முன்வரிசையில் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். வசுமதி தொண்டையைச் செருமிக்கொண்டாள். தன் ஈக்கள் லேக் கார்டன்ஸ் வரை பறக்கவில்லை, ஒரு வாழைப்பழப் பையில் ஏறி வந்திருக்கின்றன, அதை நேற்றுத்தான் தெரிந்துகொண்டேன் என்று சொன்னாள்.

 லாஹிரி மேடத்தின் சிரிப்பு மறைந்ததைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு பெரியவர், யார் அந்தப் பையைக் கொண்டுவந்தது என்று கேட்டார். எங்கள் வீட்டுக்கு வருகிற ஒருவர் என்றாள். அத்தனை தடவை எதற்கு வந்தார் என்றார் அவர், விடாமல். வசுமதி வாயைத் திறந்தாள்... மூடினாள். காதுவரை சூடேறிச் சிவந்தது. அரங்கமே சிரித்துவிட்டது. லாஹிரி மேடமும்தான்.

அவள் பயந்தபடி ஒன்றும் இடிந்து விழவில்லை. நகரத்து ஈ சிறகால் போவதைவிட நம் பைகளில்தான் அதிகம் போகிறது போலிருக்கிறது, அப்படியானால் அதையே புதிதாக ஆரம்பி என்று சொல்லிவிட்டார் மேடம். திட்டும் கிடைத்தது. பின்பக்க வராந்தாவைக்கூடப் பார்க்காமல் என்ன ஆராய்ச்சி செய்தாய் என்று கேட்டார்.  ஆராய்ச்சி பிழைத்துக்கொண்டது. ஆனால் சந்தோஷம்தான் வரவில்லை.

சிவராம் வரவில்லை.

மாமி கூடையைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்துவிட்டாள். மொட்டை மாடிப் புட்டியில் ஒரு இளஞ்சிவப்புப் புள்ளிகூட இல்லை. ஆராய்ச்சிப்படி அது சரியான முடிவு, மகிழ வேண்டிய முடிவு. வசுமதியோ தினமும் அந்தப் புட்டியைக் கையடக்க நீல விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, யாரோ இறந்துபோன மாதிரி கீழே இறங்கி வந்தாள். தான் தேடுவது ஈயை இல்லை என்று அவளுக்குப் புரிந்துபோயிற்று. வங்கிக்குப் போன் செய்யலாம்தான்... கண்ணில் படாதே என்று சொன்ன வாயால் எப்படி வா என்று கூப்பிடுவது? எண்ணைச் சுழற்றுவாள், மணி அடிக்கும் முன்பே வைத்துவிடுவாள்.

துர்கா பூஜைக்குத் தெருமுனையில் மூங்கில் பந்தல் கட்டத் தொடங்கிய ஒரு சாயங்காலம். வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. புதிய ஈக்களுக்குப் பொடி தூவிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக் கதவு இல்லை, மாடிக் கதவு. மாமியாக இருக்கும் என்று திறந்தவள் திடுக்கிட்டுப் பின்வாங்கினாள்.

சிவராம் சொட்டச் சொட்ட நனைந்து நின்றான். குடை இல்லை. சணல் பை இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் அவளுக்கு முன்னால் விரித்துக் காட்டினான்.

"பாருங்க... ஒண்ணும் கொண்டுவரலை" என்றான். "ஒருத்தர் வீட்டுக்கு வெறுங்கையோட போகாதேன்னு சொல்லிச் சொல்லி அம்மா வளர்த்தாங்க. வாழ்க்கையில முதல் தடவையா அதை மீறி வந்திருக்கேன். என்னால உங்க புட்டியில இனி ஒரு ஈ விழக் கூடாது."

 கண்ணில் படாதே என்று சொன்னேனே, பிறகும் எதற்கு வந்தீர்கள் என்று கேட்க நினைத்தாள். கேட்க முடியவில்லை. அவனே சொன்னான்.

"அன்னிக்கு ஒரு கேள்வி கேட்டீங்க. பதில் சொல்லாமப் போயிட்டேன். பழம் மாமாவுக்கு... நான் வந்தது உங்களுக்கு. முதல் தடவையை விட்டுடுங்க. மத்த எல்லாத் தடவையும்."

வெளியே மழை வலுத்தது. அந்தக் கண்கள்... பயத்தில் அகலமாகி, ஈர இமைகளோடு அவளையே பார்த்தன. முதல் நாள் நிமாய்தா கடையில் பார்த்த அதே பார்வை. வசுமதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"மேடையில ஒருத்தர் இதையேதான் கேட்டார்" என்றாள் மெல்ல. "எனக்குப் பதில் தெரியும்... அதை உங்க வாயால கேட்டுட்டுச் சொல்லலாம்னு விட்டுட்டேன்."

அவன் விரித்த கைகளை மடக்கவே மறந்து நின்றான்.

"எங்க வீட்டுலயும் ஒரு வழக்கம் உண்டு" என்றாள் வசுமதி. "வந்தவங்களை வெறுங்கையோட அனுப்ப மாட்டோம்."

சொல்லிவிட்டுத் தன் கையை அந்த உள்ளங்கையில் வைத்தாள். குளிர்ந்திருந்த அவன் விரல்கள் நம்ப முடியாமல் ஒரு கணம் தயங்கின... பிறகு மெல்ல மூடிக்கொண்டன. அவள் விரல்களில் இருந்த இளஞ்சிவப்புப் பொடி மழை ஈரத்தில் குழைந்து, அவன் கையெல்லாம் ஒட்டியது.

"நாளைக்கு பாங்க்ல மின்னுவீங்க" என்றாள், தலை நிமிராமலே.

"மின்னட்டும்" என்றான் சிவராம். "யார் பூசினதுன்னு கேட்டா சொல்லிடறேன்."